இரவில் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல முடிகிறதா?

முதுகுவலிக்கான பயிற்சியைத் தினமும் மறக்காமல் செய்ய வழி கேட்டிருந்தார் ஒரு வாசகர். ‘இலக்குகளைக் குறித்துவைக்கும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு இலக்கு, இரண்டு வாரத்துக்கு மட்டும்’ என்று சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தேன். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழை ஒதுக்கிவிட்டேன். நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களுக்கு எல்லாமே குறுகிய கால இலக்குகள்தான். இந்த வாரம் வாக்கரோடு வாசல்வரை, அடுத்த வாரம் கைத்தடியோடு தெருமுனைவரை என்று போகும். அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

கேள்வி: மாதம் பிறந்த அன்று ஒரு செயலியை இறக்கிப் பதினோரு இலக்குகள் போட்டேன். முதல் வாரம் உற்சாகமாக இருந்தது. இப்போது அந்த ஐகானைப் பார்த்தாலே மனசு கனக்கிறது. இதைவிட நல்ல செயலி எது? பட்டியலையும் இணைத்திருக்கிறேன். (கல்லூரி மாணவி)

பதில்: செயலி இருக்கட்டும். பட்டியலில் கை வைப்போம்.

நீங்கள் எழுதியிருப்பதில் முதல் நான்கு: ‘நன்றாகப் படிக்க வேண்டும்’, ‘ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும்’, ‘ஃபோன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும்’, ‘தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ள வேண்டும்’. இரவு பத்தரை மணிக்கு, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, செயலியைத் திறக்கிறீர்கள். ‘நன்றாகப் படித்தேனா?’ இதற்கு என்ன சொல்வீர்கள்? மனசு தெளிவாக இருந்த நாளில் டிக் போடுவீர்கள். யாரோ ஏதோ சொல்லி மனசு வாடிய நாளில், மூன்று மணி நேரம் படித்திருந்தாலும் டிக் போட மாட்டீர்கள். மாதக் கடைசியில் செயலியில் மிஞ்சியிருப்பது உங்கள் மனநிலையின் கணக்கு. படிப்பின் கணக்கு அங்கே இருக்காது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் போனதில் வியப்பே இல்லை.

செயலியில் ஏற வேண்டிய வாக்கியத்துக்கு நான் வைக்கும் பரிசோதனை ஒன்றே ஒன்று. நாள் முடிவில், யோசிக்காமல், ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல முடிய வேண்டும். உங்களுடைய முதல் இலக்கையே எடுத்துத் திருத்திப் பார்க்கிறேன்:

‘20ஆம் தேதிக்குள் புள்ளியியலில் மூன்று அலகுகளின் பயிற்சிக் கணக்குகளை முடிப்பேன். திங்கள் முதல் வெள்ளி வரை, இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், மேசையில் உட்கார்ந்து ஆறு கணக்கு போடுவேன்.’

இதில் முடியும் தேதி இருக்கிறது, அளவு இருக்கிறது. எதற்கு அடுத்து, எந்த இடத்தில் என்பதும் இருக்கிறது. ஆறு கணக்கு போட்டீர்களா இல்லையா என்பதில் மனநிலைக்கு வேலையே இல்லை.

தினசரி அளவு வைப்பதற்கு எவ்வளவு வலு என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. ஆல்பர்ட் பந்துரா, டேல் ஷங்க் என்ற இரு உளவியலாளர்கள் 1981-ல் வெளியிட்டது. கணக்கில் பின்தங்கிய, கணக்கு என்றாலே ஆர்வமில்லாத சிறுவர் சிறுமியருக்குக் கழித்தல் பாடம். ஏழு அமர்வு, மொத்தம் 42 பக்கம். ஒரு குழுவிடம், ‘ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கமாவது முடிக்கப் பாருங்கள்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம், ‘ஏழாவது அமர்வு முடியும்போது 42 பக்கமும் முடியட்டும்’ என்றார்கள். வேறொரு குழுவுக்கு இலக்கே சொல்லவில்லை. ஆறு பக்கக் குழுதான் கணக்கிலும் தன்னம்பிக்கையிலும் முந்தியது. 42 பக்கம் என்று கேட்ட குழுவோ, இலக்கே இல்லாத குழுவைவிட மேலாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆறு ஏழு 42 என்பது அந்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் தொலைவில் இருக்கிற பெரிய எண் இன்றைக்கு உட்காரவைக்காது. உங்கள் பட்டியலின் நான்காவது வரியில் இருக்கும் தன்னம்பிக்கைகூட அந்த ஆறு பக்கத்தின் வழியாக வந்திருக்கிறது பாருங்கள். அதைத் தனி இலக்காகப் போட வேண்டியதில்லை.

‘எதற்கு அடுத்து, எங்கே’ என்பதையும் விடாதீர்கள். பிரிட்டனில் 2002-ல் வந்த ஆய்வு ஒன்றில், வாரத்தில் ஒருமுறையாவது 20 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி செய்யும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். பயிற்சியால் இதயத்துக்கு என்ன நன்மை என்று படிக்கக் கொடுத்து ஊக்கம் ஊட்டப்பட்டவர்களில் 35 சதவீதம். அதே ஊக்கத்தோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று தாங்களே எழுதியவர்களில் 91 சதவீதம். ஊக்கம் தனியாக நின்றால் எவ்வளவு தூரம் போகிறது என்பதை இந்த எண்களைப் பார்த்த பிறகு நான் யாருக்கும் விளக்குவதே இல்லை. காகிதத்தைக் கொடுத்து நேரத்தை எழுதச் சொல்லிவிடுகிறேன்.

பதினொன்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒன்பதை அழிக்க மனம் வராவிட்டால் ஒரு நோட்டில் எழுதி மூடிவையுங்கள். 20ஆம் தேதிக்குப் பிறகு எடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: எந்தப் பழக்கமும் 21 நாளில் வந்துவிடும் என்கிறார்களே. செயலியில் 21 என்று போடலாமா?

பதில்: போடலாம். மூன்று வாரம் என்பது ஒரு குறுகிய இலக்குக்கு வசதியான நீளம்தான். 22ஆம் நாள் எல்லாம் தானாக நடக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய நூலில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகம் நோயாளிகளுக்குப் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று தான் கவனித்ததை எழுதினார். ‘ஆவது’ என்பது காலப்போக்கில் உதிர்ந்துபோய், ‘21 நாளில் பழக்கம்’ என்று உலகம் சுற்றிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்கு வர எடுத்த காலம் நடுவாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். ஆளையும் செயலையும் பொறுத்து, அவர்கள் கணிப்பின்படி, அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். உடற்பயிற்சி மெதுவாகத்தான் ஒட்டும்.

முடிவு உள்ள வேலைக்கும் முடிவே இல்லாத பழக்கத்துக்கும் ஒரே கட்டம் போடாதீர்கள். ‘ஓட்டுநர் தேர்வுக்குப் படித்து முடிப்பது’ முடிகிற வேலை. ‘தினமும் நடப்பது’ முடியாத பழக்கம். செயலியால் கைமேல் பலன் கிடைப்பது முதல் வகையில்தான்.

கேள்வி: தினமும் காலை அரை மணி நேரம் வாசிப்பது என்று வைத்து, ஸ்ட்ரீக் கணக்கு (இடைவிடாமல் செய்த நாட்களின் எண்ணிக்கை) 40-ஐத் தாண்டியிருந்தது. மகளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் விட்டுப்போனது. மூன்றாம் நாள் திறந்தால் ‘0’. அன்றைக்கு மூடிய புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை. இது சோம்பலா சார்? மனைவி அப்படித்தான் சொல்கிறாள். (வங்கி ஊழியர்)

பதில்: முதலில் ஒரு சின்னத் திருத்தம்: சார் இல்லை, மேடம். அடுத்து, இது சோம்பல் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவரைச் சோம்பேறி என்று நான் எழுத மாட்டேன். உங்கள் மனைவியும் கோபத்தில்தான் சொல்லியிருப்பார்.

அந்தப் பூஜ்யத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் நாற்பது நாள் வாசித்தது உங்களுக்குள் இருக்கிறது. படித்த பக்கங்கள் எங்கும் போகவில்லை, அந்த நேரத்துக்கு நாற்காலியில் போய் உட்காரும் பழக்கமும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மேலே சொன்ன லாலியின் ஆய்விலேயே இதையும் பார்த்தார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பூஜ்யம் என்பது அந்தச் செயலியை எழுதியவர் எடுத்த ஒரு முடிவு. உங்கள் மூளையில் அப்படி எந்த எண்ணும் அழியவில்லை.

விட்டுப்போன நாளால் பெரிய நஷ்டம் கிடையாது. அதற்கு அடுத்த நாள்தான் ஆபத்தான நாள். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை ஆராய்ந்த ஜேனட் போலிவி, பீட்டர் ஹெர்மன் இருவரும் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டார்கள். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டது என்று தெரிந்ததும், ‘எப்படியும் போயிற்று, இனி என்ன’ என்று சாதாரணமாகச் சாப்பிடுவதைவிட அதிகமாகச் சாப்பிடுகிறார்கள். என் அறையிலும் இதைத்தான் பார்க்கிறேன். தோள்பட்டை இறுகிப்போய் வருகிற ஒருவர், சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியை ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பார். ஊர்ப் பயணம் ஒன்று குறுக்கே வந்திருக்கும். திரும்பி வந்து தொடர்ந்தவரின் கை உயர்வதில் வித்தியாசமே தெரியாது. ‘விட்டுவிட்டேனே’ என்று வெட்கப்பட்டு ஒரு மாதம் வராமல் இருந்தவருக்கு மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அதனால் அமைப்பை மாற்றுங்கள். பெரும்பாலான செயலிகளில் ‘தினமும்’ என்பதற்குப் பதில் ‘வாரத்தில் இத்தனை நாள்’ என்று வைக்க முடியும். ஐந்து என்று வையுங்கள். இரண்டு நாள் காய்ச்சலுக்கும் விருந்தாளிக்கும் இருக்கட்டும். ஸ்ட்ரீக் எண்ணைத் திரையிலிருந்து மறைக்க முடிந்தால் மறைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் லூப் ஹேபிட் டிராக்கர் என்ற இலவசச் செயலி, தொடர் கணக்கோடு கூடவே, பழக்கத்தின் வலுவுக்கு ஒரு சதவீதமும் காட்டும். பல நாள் தொடர்ந்து செய்திருந்தால், ஒன்றிரண்டு நாள் விட்டாலும் அந்தச் சதவீதம் கொஞ்சம் இறங்குமே தவிரத் தரையைத் தொடாது. நடந்ததற்கு நெருக்கமான கணக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

விட்டுப்போன நாளில் கட்டத்தை வெறுமையாக விடாமல் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள். ‘காய்ச்சல்’. ‘ஆடிட்’. ‘தூங்கிவிட்டேன்’. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், ‘தூங்கிவிட்டேன்’ என்ற சொல் திங்கட்கிழமைகளில் மட்டும் வருவது தெரியலாம். அப்படித் தெரிந்தால், ஞாயிறு இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதுதான் சரிசெய்ய வேண்டிய இடம். விட்டுப்போன நாட்களை மறைக்காமல் காட்டுவதற்காகத்தான் செயலியை வைத்திருக்கிறோம்.

நாளைக் காலை அரை மணி நேரம் என்று தொடங்க வேண்டாம். இரண்டு பக்கம் போதும்.

கேள்வி: நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருக்கிறது. தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுக் கைக்கே பழகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் வையுங்கள். நீங்கள் அந்த வேலையை உண்மையிலேயே தொடங்கக்கூடிய நிமிடத்தில் அது ஒலிக்க வேண்டும். பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது ‘உடற்பயிற்சி செய்தீர்களா?’ என்று கேட்டால் தள்ளத்தான் முடியும்.

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. கைக்கடிகாரமும் செயலியுமாக நண்பர்களோடு நடைப் போட்டி. இரவு பதினொன்றே காலுக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார், 10,000 காலடி ஆகவில்லையாம். முன்பெல்லாம் மாலையில் இருவரும் பேசிக்கொண்டே நடப்போம். இப்போது நான் மெதுவாக நடக்கிறேன் என்று அவர் தனியாகப் போய்விடுகிறார். நல்ல பழக்கத்தைக் குறை சொல்கிறேனோ என்றும் தயக்கமாக இருக்கிறது. (இல்லத்தரசி)

பதில்: தயங்க வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அந்தப் பத்தாயிரத்தை மருத்துவர்கள் ஆராய்ந்து வைக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவிக் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவிய எண் அது. அமெரிக்காவில் ஐ-மின் லீ என்ற ஆய்வாளர் தலைமையில், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையை அளந்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. நாளுக்கு 2,700 காலடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. நடை கூடக்கூட அது மேலும் குறைந்து, சுமார் 7,500 காலடியில் சமநிலைக்கு வந்துவிட்டது. அவர்கள் மூத்த பெண்கள். உங்கள் கணவர் ஆண், வயதும் குறைவு. அதனால் அதே எண்ணை அவருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் 9,400-க்கும் 10,000-க்கும் நடுவில் மந்திரக்கோடு எதுவும் இல்லை என்று அவருக்குச் சொல்லலாம். பதினொன்றே காலுக்கு அவர் உடம்பு கேட்பது தூக்கத்தை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக்கொள்கை பற்றிச் சொன்ன ஒரு கருத்து பிறகு பல துறைகளுக்கும் பரவியது. ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால், அது நல்ல அளவாக இருப்பது நின்றுபோகும் என்பதுதான் அதன் சாரம். நடை எண்ணிக்கை உடல்நலத்துக்கான அளவாகத்தான் வந்தது. இப்போது எண்ணிக்கைக்காக உறக்கமும், உங்களோடு பேசும் நேரமும் போகின்றன. ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் 2016-ல் வெளியிட்ட ஆய்வுகள் நடத்தல், வாசித்தல், படத்துக்கு வண்ணம் தீட்டுதல் போன்றவற்றை எடுத்துக்கொண்டன. அளக்கத் தொடங்கினால் மக்கள் அதிகமாகச் செய்கிறார்கள், ஆனால் அதில் கிடைக்கும் இன்பம் குறைகிறது என்று கண்டார். பிடித்துச் செய்கிற விஷயம் வேலையாக மாறிவிடுகிறது.

நானும் என் தொழிலில் இரண்டு வகையாகப் பிரித்துத்தான் பார்க்கிறேன். பிடிக்காத, ஆனால் செய்தாக வேண்டிய பயிற்சிக்கு எண்ணிக்கை மிக நல்ல துணை. பிடித்தே செய்கிற ஒன்றுக்கு எண்ணிக்கை வேண்டாம். மாலை நடையின்போது கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். செயலியில் ஏதாவது குறித்தே ஆக வேண்டும் என்றால் ‘மாலை நடை, இருவரும்’ என்று ஒரு கட்டம் போட்டு, வாரத்துக்கு ஐந்து டிக். அதை இருவரில் யார் வேண்டுமானாலும் போடலாம். இந்த இதழை அவர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

கேள்வி: நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதாதா? எதற்கும் ஒரு செயலி வேண்டுமா?

பதில்: போதும். தாராளமாகப் போதும். குறித்துவைப்பதுதான் முக்கியம். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் ஹார்கினும் பிறரும் ஏறக்குறைய 20,000 பேரை உள்ளடக்கிய 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியிட்டார்கள். முன்னேற்றத்தை அடிக்கடி பார்த்துக்கொள்கிறவர்கள் இலக்கை எட்டுவது கூடுகிறது. மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் எழுதிவைத்தால் இன்னும் கூடுகிறது. பிறர் அறியச் சொன்னாலும் அப்படியே. எழுதுவது திரையிலா தாளிலா என்பது உங்கள் விருப்பம்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டில் செய்தது இதைத்தான். 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, ஒரு சின்னக் குறிப்பேட்டில் பக்கத்துக்கு ஒன்றாக, சிவப்பு மையில் ஏழு நாளுக்கும் கட்டம் வரைந்தார். தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு குணத்தில் முழுக் கவனம், மற்றவை தம் போக்கில். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிப் போனதால், தந்தத் தகடுகளாலான குறிப்பேட்டுக்கு மாறினார். அதில் பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். அவருக்குக் கடைசிவரை பிடிபடாத குணம் ஒழுங்கு, பொருளை அதனதன் இடத்தில் வைப்பது. இதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒரு வாரத்துக்கு ஒன்று என்ற அந்தக் கட்டுப்பாட்டைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

தாளுக்கு ஒரு பலம் உண்டு: அது கண்ணெதிரே தொங்கும். முழங்கால் பயிற்சித் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டச் சொல்கிறேன். கைப்பேசியைத் திறந்தால் செயலிக்குப் போகும்முன் வேறு எங்கோ போய்விடுகிறவர்களுக்குத் தாள்தான் சரி. செயலியின் பலம் நினைவூட்டலும், ஒரு மாதத்தை ஒரே பார்வையில் காட்டுவதும். ஒன்று கவனியுங்கள். செயலிகள் நிரந்தரமல்ல. கூகுள் காலண்டரில் ‘கோல்ஸ்’ என்ற வசதி 2016-ல் வந்தது, 2022-ல் நிறுத்தப்பட்டது. எந்தச் செயலியானாலும் அமைப்புகளில் ‘எக்ஸ்போர்ட்’ (பதிவுகளை வெளியே எடுத்துவைக்கும் வசதி) இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். குறிப்பேடு போன்ற ஒரு செயலிக்கு உங்கள் தொடர்பு எண்களும் இருப்பிடமும் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: 30 நாளில் ஓர் ஆன்லைன் கோர்ஸ், 60 வீடியோ. நாளுக்கு இரண்டு என்று செயலியில் போட்டேன். இரண்டாவது வாரமே பின்தங்கிவிட்டேன். எனக்கு மட்டும் ஏன் எப்போதும் இப்படி? (வேலை தேடும் இளைஞர்)

பதில்: உங்களுக்கு மட்டுமில்லை தம்பி. 1994-ல் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் இறுதி ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். தாங்கள் சொன்ன தேதிக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்கூட இல்லை. திட்டம் போடும்போது நாம் எல்லாமே நல்லபடி நடக்கும் ஒரு நாளை மனசில் வைத்துப் போடுகிறோம். மின்சாரம் போவது, நேர்காணல் வருவது, வீட்டில் கூப்பிடுவது எதுவும் அந்த நாளில் இருக்காது.

60-ஐ 30-ஆல் வகுத்தது கணக்காகச் சரி. நீங்கள் ஒரு வீடியோவுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள் என்பது அந்த வகுத்தலில் இல்லை. 20 நிமிட வீடியோவை நிறுத்தி நிறுத்திக் குறிப்பு எடுத்து, பயிற்சியையும் செய்தால் ஒரு மணி நேரம் தாண்டும். அதனால் முதல் நான்கு நாள் இலக்கே வைக்காமல் வேலையைச் செய்யுங்கள். எத்தனை முடிந்தது என்று மட்டும் குறியுங்கள். அதில் கிடைக்கும் சராசரியைக் கொண்டு தேதியை வையுங்கள். வாரத்தில் ஒரு நாளைப் பிடிக்க வேண்டிய பாக்கிக்காகக் காலியாக விடுங்கள். பார்க்க வெட்கமாக 50 நாள் என்று வந்தாலும் அதையே எழுதுங்கள். நான் கால் அசைவை அளக்காமல் யாருக்கும் இலக்கு சொல்வதில்லை. முதல் நாள் முழங்கால் 60 பாகைதான் மடங்குகிறது என்றால் அங்கிருந்துதான் அடுத்த வாரத்தின் எண் வரும்.

நடுவில் தேதியை மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாற்றலாம், வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும். பின்தங்கிய இரவில் மனக்கசப்போடு மாற்றக் கூடாது.

வேலைக்காகத்தான் இந்தக் கோர்ஸ் என்றால், 60 வீடியோவும் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். விண்ணப்பிக்கும் வேலைக்குத் தேவையான 25-ஐப் பிரித்து முதல் இலக்காக வைத்தால், அது முடிந்த அன்றே விண்ணப்பம் போடலாம்.

கேள்வி: இலக்கை முடித்துவிட்டேன். உடனே அடுத்ததைப் போட வேண்டுமா?

பதில்: வாழ்த்துகள். முடிந்ததை அழிக்காமல் ஆர்க்கைவில் போடுங்கள். நினைவூட்டலை நிறுத்துங்கள். ஒரு வாரம் சும்மா இருங்கள்.

கேள்வி: வயது 67. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்கு வாரம் ஆகிறது. மகன் கைப்பேசியில் செயலி போட்டு, ‘பழையபடி நடப்பேன்’ என்று இலக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறான். தினமும் திறந்து பார்க்கிறேன், எதைத் தொடுவது என்று தெரியவில்லை. அவனைக் கேட்டால் வருத்தப்படுவானோ என்று இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் மகனுக்கு உங்கள் மேல் இருக்கும் பாசம் அந்த வரியில் தெரிகிறது. ‘பழையபடி நடப்பேன்’ என்பதை அப்படியே மேலே தலைப்பாக விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவன் வருத்தப்பட மாட்டான், செய்ய ஒரு வேலை கிடைத்ததென்று மகிழ்வான்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றியே ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன் இருவரும் 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எந்தச் செயலை எப்போது, எங்கே மறுபடி தொடங்கப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தவர்கள், பல அன்றாடச் செயல்களை மற்றவர்களைவிட முன்னதாகவே தொடங்கிவிட்டார்கள். அதே முறைதான் உங்களுக்கும். என்னென்ன பயிற்சி, எத்தனை தடவை என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட் கொடுத்த தாளிலிருந்து எடுங்கள், நான் இங்கிருந்து எண் சொல்வது முறையில்லை. வரிகள் இப்படி இருக்கட்டும்: ‘காலைக் காப்பி குடித்து முடித்ததும், கட்டிலில் குதிகாலை இழுத்து மடக்கும் பயிற்சி.’ ‘மதியம் கண் அயரும் முன்பு, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டும் பயிற்சி.’ ‘மாலை விளக்குப் போட்டதும், வாக்கரோடு நடை.’ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். எழுத்தின் அளவைக் கைப்பேசி அமைப்பில் பெரிதாக்கி, அந்தப் பக்கத்தை முகப்புத் திரையிலேயே விட்ஜெட்டாக வைத்துத் தரச் சொல்லுங்கள். செயலிக்குள் போய்த் தேட வேண்டியிருக்காது.

நான்காவதாக வலிக்கு ஒரு கட்டம் வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண், இரவில் மட்டும். அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து அப்படியே காட்டுங்கள். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று நாங்கள் கேட்கும்போது பெரும்பாலோர் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த எண்கள் இருந்தால் பயிற்சியைக் கூட்டுவதா குறைப்பதா என்பது எங்களுக்கு உடனே தெரியும்.

கெண்டைக்காலில் புதிதாக வீக்கமோ சூடோ சிவப்போ வலியோ வந்தால் அன்றைக்கு எந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டாம். பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை மகனிடமும் சொல்லிவையுங்கள்.